புது ஊரில் பழைய கற்கள்

"ஓசூர்ல பாக்கிறதுக்கு என்ன இருக்கு?"

சிப்காட்டில் வேலை பார்க்கும் யாரிடமாவது இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "இங்க என்ன சார் இருக்கு... கம்பெனி, கம்பெனிய விட்டா ரூம். லீவு கிடைச்சா பெங்களூர் போயிடுவோம்!"

அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து, வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நாலு வருஷமாக வேலை பார்க்கும் ஓர் இளைஞனும் இதையேதான் சொல்லிக் கொண்டிருந்தான். டிப்ளமோ முடித்தவன். வாரத்துக்கு ஒரு ஷிப்டு மாறும். ஒரு ரூமில் நாலு பேர். அவனுக்குத் தெரிந்த ஓசூர் என்றால் பஸ் ஸ்டாண்டு, கம்பெனி பஸ் நிற்கும் இடம், ஒரு மெஸ், ஒரு செல்போன் கடை. அவ்வளவுதான்!

நெல் அறுப்பு முடிந்த கையோடு அவனுடைய அப்பா மகனைப் பார்க்க வந்தார். நாலு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. வந்த அன்றே மெஸ்ஸில் சாப்பிட்டுக் கொண்டிருக்கும்போது கேட்டார்.

"எய்யா, நாலு வருசமா இங்கன இருக்க. ஊரக் கொஞ்சம் சுத்திக் காட்டேன்."

"இங்க ஒண்ணும் இல்லப்பா. நாளைக்கு பெங்களூர் போலாம், லால்பாக் காட்டுறேன்."

"பெங்களூரு கெடக்கட்டும். நீ சோறு திங்கது இந்த ஊர்ல. ஒண்ணுமே இல்லாமயா ஒரு ஊரு இருக்கும்?"

பையனிடம் பதில் இல்லை. அன்று ராத்திரி தன்னோடு ஒரே லைனில் வேலை பார்க்கும் நண்பனுக்கு போன் போட்டான். அந்த நண்பன் சூளகிரிப் பக்கத்துக்காரன். வீட்டில் தெலுங்கு, கம்பெனியில் தமிழ், பஸ்ஸில் கன்னடம் என்று மூன்றும் பேசுவான். (ஓசூரில் இது ஒரு அதிசயமே இல்லை.) அவன் போனிலேயே ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தான். கடைசியில், "எங்க ஊர்ப் பக்கம் பாண்டவர் வீடு இருக்கே, பாத்ததில்லையா நீ?" என்றும் கேட்டான்.

அப்பா ஊருக்குத் திரும்பும்வரை அப்பாவும் மகனும் ஒரு பைக்கில் சுற்றிய கதைதான் இது. கூட்டம் இல்லாத, டிக்கெட் இல்லாத, பலருக்கும் தெரியாத இடங்கள். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் வேலைக்கோ படிப்புக்கோ வந்திருப்பவர்களுக்கு இது உபயோகப்படும்.

மலைக்கோயிலும் பழைய பெயரும்

முதலில் போனது சந்திரசூடேஸ்வரர் மலைக்கோயில். பெங்களூர் போகிற ஒவ்வொரு பஸ்ஸிலிருந்தும் தெரிகிற மலைதான். தினமும் பார்க்கிறோம் என்பதாலேயே ஏறிப் பார்க்காத இடம்! பங்குனித் தேரின்போது மட்டும் கூட்டம் நெரியும். மற்ற நாள் சாயங்காலங்களில் காற்று மட்டும்தான். சிவன் உடும்பு வடிவத்தில் வந்தார் என்பது இந்தக் கோயிலின் தலக்கதை. அம்மனுக்கு மரகதாம்பாள் என்று பெயர்.

'ஓசூர்' என்பது 'ஹொச ஊரு' என்ற கன்னடச் சொல்லிலிருந்து வந்தது. அர்த்தம், புது ஊர். 1970களில் சிப்காட் வந்தது. அதன்பின் லாரி, மொபெட், கைக்கடிகாரம் என்று வரிசையாகத் தொழிற்சாலைகள் வந்தன. 2019இல் ஊர் மாநகராட்சியாகவும் ஆகிவிட்டது. எனவே நேற்றுப் பிறந்த ஊர் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் கோயில் கல்வெட்டுகளில் இந்த ஊருக்கு வேறு பெயர் இருக்கிறது. செவிடபாடி! சோழர்களும் ஹொய்சாளர்களும் ஆண்ட காலத்திலேயே இங்கே கோயிலும் குடியிருப்பும் இருந்திருக்கின்றன. எழுநூறு, எண்ணூறு வருஷப் பழைய ஊருக்குப் பெயர் மட்டும் 'புது ஊர்'.

மலை மேலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் ஏரிகள், இன்னொரு பக்கம் தகரக் கூரைகளாகத் தொழிற்சாலைகள். பையன் தன் கம்பெனியின் கூரையைத் தேடிக் கண்டுபிடித்து அப்பாவுக்குக் காட்டினான். அவர் அதை வெகுநேரம் பார்த்துக் கொண்டிருந்தார்.

இருநூறு வருஷ மாட்டுப் பண்ணை

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, வார லீவு. காலையில் மத்திகிரி. ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை போகும் பக்கம் இருக்கிறது. இங்கேதான் அரசு கால்நடைப் பண்ணை உள்ளது. 1824இல் ஆரம்பித்தது. முதலில் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குக் குதிரை வளர்க்கிற இடமாக இருந்து, பின்னர் கால்நடைப் பண்ணையானது. 1,600 ஏக்கருக்கு மேல் பரப்பு. ஊரைச் சுற்றி எல்லாம் பிளாட்டாக மாறிக் கொண்டிருக்கும்போது, இங்கே மட்டும் இன்னும் புல்லும் பெரிய மரங்களும் நிற்கின்றன. நினைத்த நேரத்தில் உள்ளே போய்ச் சுற்ற முடியாது, சாலையிலிருந்து பார்க்கலாம். அப்பாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. வேலி ஓரமாக நின்று ஒரு மாட்டின் கொம்பு, திமில், நடை என்று ஒவ்வொன்றாகப் பேசித் தீர்த்துவிட்டார். அப்பாவுக்கு மாடு பற்றி இவ்வளவு தெரியும் என்பதே பையனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஓசூரில் வேறொன்றும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சேலம் கலெக்டராக இருந்த பிரெட் என்பவர், இங்கிலாந்தின் கெனில்வொர்த் கோட்டை மாதிரியே ஓசூரில் ஒரு மாளிகை கட்டினார். மனைவிக்காகக் கட்டினார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, மாளிகை சிதைந்து போய்விட்டது. நூற்றி அறுபது வருஷம்கூட அதனால் தாங்க முடியவில்லை. இதை மட்டும் ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள்.

தொரப்பள்ளியில் ஒரு ஓட்டு வீடு

அடுத்தது தொரப்பள்ளி. ஓசூரிலிருந்து பைக்கில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். தென்பெண்ணை ஆற்றோரக் கிராமம். 1878 டிசம்பர் 10 அன்று ராஜாஜி பிறந்த ஊர். அவர் பிறந்த வீட்டை அரசு நினைவு இல்லமாகப் பராமரித்து வருகிறது.

சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக 1948 முதல் 1950 வரை இருந்தவர், சென்னை மாகாண முதலமைச்சர், ராமாயணத்தைச் 'சக்கரவர்த்தித் திருமகன்' என்று தமிழில் எழுதி 1958இல் சாகித்ய அகாதமி விருது வாங்கியவர்... இவ்வளவும் பாடப்புத்தகத்தில் படித்ததுதான். ஆனால் அந்த வீட்டின் முன் நிற்கும்போது வேறு மாதிரி இருக்கிறது. சின்ன வீடு. கிராமத்து முன்சீப் ஒருவரின் வீடு எப்படி இருக்குமோ அப்படி. டில்லியில் கவர்னர் ஜெனரல் மாளிகையில் போய் உட்கார்ந்தவர் இந்தத் தெருவில் ஓடி விளையாடியவர்! அரசியலில் அவரோடு ஒத்துப் போகாதவர்கள்கூட ஒரு தடவை பார்க்க வேண்டிய இடம்.

பாண்டவர் வீடு

திங்கட்கிழமை பையன் லீவு போட்டான். (நாலு வருஷத்தில் உடம்பு சரியில்லாமல் போடாத லீவு அதுதான்.) சூளகிரி நண்பன் நைட் ஷிப்டு முடித்துத் தூங்காமலேயே வழிகாட்டியாக வந்துவிட்டான்.

ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடைப்பட்ட மலைப்பகுதியில் மல்லசந்திரம் என்று ஒரு சின்ன ஊர். தேசிய நெடுஞ்சாலையின் லாரிச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, மாந்தோப்பும் பாறையுமாக வழி மாறுகிறது. ஊருக்குப் பக்கத்தில் பாறைக் குன்று. அதன் மேலே நூற்றுக்கும் மேற்பட்ட கல்திட்டைகள்!

கல்திட்டை என்றால் என்ன? பெரிய பலகைக் கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லைக் கூரையாக வைத்து மூடியது. சீட்டுக்கட்டில் வீடு கட்டுகிற மாதிரி. ஆனால் ஒவ்வொரு சீட்டும் பல பேர் சேர்ந்து தூக்க வேண்டிய கனம். சிலவற்றில் ஒரு பக்கக் கல்லில் வட்டமாக ஒரு துளை இருக்கும். செத்தவர்களுக்காக எழுப்பிய நினைவிடங்கள் இவை. பெருங்கற்காலத்தைச் சேர்ந்தவை. இரண்டாயிரம் வருஷத்துக்குக் குறையாத வயது. உள்ளே குனிந்து பார்த்தால் சிலவற்றில் வெள்ளை நிறத்தில் வரைந்த உருவங்களும் தெரியும்.

ஊர்க்காரர்களுக்கு இவை பாண்டவர் வீடு. வனவாசத்தில் பாண்டவர்கள் தங்கிய வீடுகளாம். தமிழ்நாட்டில் பல ஊர்களில் இதே மாதிரிக் கற்களுக்குப் பாண்டவர் குழி, குள்ளர் வீடு, வாலியர் வீடு என்று பெயர்கள் உண்டு. ஆடு மேய்த்துக் கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தார்கள்.

"இது எங்க தாத்தா காலத்துக்கு முன்னாடி இருந்தே இருக்குது சார். பாண்டவருங்க வீடு. நாங்க யாரும் கல்ல எடுக்க மாட்டோம்."

"ஏன் எடுக்க மாட்டீங்க?" என்றான் பையன்.

"அவங்க வீடுன்னு சொல்றோம். அப்புறம் எப்படி எடுக்கிறது?"

புராணக் கதை, வரலாறு இல்லை என்று இதைச் சிரித்துத் தள்ளிவிடலாம். ஆனால் இந்தக் கற்களை இவ்வளவு காலம் காப்பாற்றியதில் இந்தக் கதைக்குப் பெரிய பங்கு உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டம் கிரானைட்டுக்குப் பேர் போனது. பாறை என்றால் இங்கே பணம். அப்படிப்பட்ட இடத்தில் தட்டையாக, அளவாக, ஏற்கெனவே வெட்டி வைத்த மாதிரி இருக்கும் கற்கள் வீட்டுப் படிக்கட்டாகப் போகாமல் இருப்பதற்கு ஒரு காரணம் வேண்டுமல்லவா? யாரோ அவற்றுக்கு ஒரு பெயர் வைத்தார்கள், அந்தப் பெயர் காப்பாற்றியது. கலெக்டரின் மாளிகைக்கு அந்த மாதிரி யாரும் இல்லை.

எல்லாக் கல்திட்டைகளும் தப்பிவிடவில்லை. கூரைக்கல் சரிந்து கிடப்பவை உண்டு. அடியில் புதையல் இருக்கும் என்று இந்த மாதிரிக் கற்களைத் தோண்டுகிறவர்களும் உண்டு. தோண்டினால் கிடைப்பது கறுப்பு-சிவப்புப் பானை ஓடும் துருப்பிடித்த இரும்புத் துண்டும்தான். அதுதான் உண்மையான புதையல் என்பது தோண்டுகிறவனுக்குத் தெரியாது!

மாட்டுக்காகச் செத்தவர்கள்

அங்கிருந்து கிருஷ்ணகிரி. காந்தி ரோட்டில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. 1993இல் தொடங்கியது. சின்னதுதான், ஆனால் இந்த மாவட்டத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. முக்கியமாக நடுகற்கள்.

கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருவண்ணாமலை ஆகிய மூன்று மாவட்டங்களும் நடுகல் பூமி. பழைய காலத்தில் மாடுதான் செல்வம். பக்கத்து நாட்டுக்காரன் வந்து மாட்டை ஓட்டிப் போவான், இந்த ஊர்க்காரன் துரத்திப் போய்ச் சண்டை போட்டு மீட்பான். அதில் செத்துப் போனவனுக்கு ஒரு கல் நட்டு, உருவம் செதுக்கி, பெயரும் எழுதி வைப்பார்கள். கல்லைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து நட்டு வாழ்த்துவது வரை எப்படிச் செய்ய வேண்டும் என்று தொல்காப்பியமே படிப்படியாகச் சொல்கிறது. புலியோடு சண்டை போட்டுச் செத்தவனுக்குப் புலிக்குத்திக் கல். புருஷனோடு தீயில் இறங்கியவளுக்குச் சதிக்கல், அதில் வளையல் போட்ட கை மேலே தூக்கியிருக்கும். ஏன், செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் எசமானோடு நின்று கள்ளர்களைக் கடித்த ஒரு நாய்க்கும் கல்லில் இடம் உண்டு. கோவிவன் என்று அதன் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார்கள். மகேந்திரவர்ம பல்லவன் காலம், 7ஆம் நூற்றாண்டு!

ஓசூர்ப் பக்கத்துப் பிற்கால நடுகற்கள் வேறு மாதிரி இருக்கும். கீழ்ப்பகுதியில் சண்டை, நடுவில் தேவ கன்னியர் வீரனைக் கூட்டிப் போவது, மேலே அவன் லிங்கத்தின் முன் உட்கார்ந்திருப்பது என்று மூன்று அடுக்கு. ஒரு காமிக்ஸ் புத்தகம் மாதிரி, கீழிருந்து மேலே படிக்க வேண்டும். எழுத்துத் தெரியாதவனும் படிக்கலாம்.

ஒரு கல்லின் முன்னால் அப்பா நின்றுவிட்டார்.

"இவன் மாட்டுக்காகச் செத்தவன்னு சொல்லுத?"

"ஆமாப்பா."

"அப்ப இது நம்ம பட்டவராயன் கதைல்லா!"

பாபநாசம் மலையில் சொரிமுத்து அய்யனார் கோயில் இருக்கிறது. ஆடி அமாவாசைக்குத் தென்மாவட்ட ஜனம் முழுக்க அங்கே போகும். அங்கே பட்டவராயனுக்கு ஒரு சன்னதி உண்டு. பிராமணனாகப் பிறந்து, பொம்மக்கா, திம்மக்கா என்ற அருந்ததியர் பெண்களைக் கல்யாணம் பண்ணி, மாமனாரின் மாடுகளைக் கள்ளர்களிடமிருந்து காக்கப் போய் வெட்டுப்பட்டுச் செத்த முத்துப்பட்டன்தான் அந்தப் பட்டவராயன். வில்லுப்பாட்டில் விடிய விடியப் பாடுவார்கள். அவருக்குக் காணிக்கை செருப்பு. அந்த வீட்டில் ஒவ்வொரு ஆடிக்கும் போய்க் கும்பிட்டு வருகிற சாமி. மகனும் சின்ன வயசில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து போனவன்தான்.

"அறுநூறு கிலோமீட்டர் தாண்டி வந்து பாத்தாலும் அதே சாமிதான்..." என்று அப்பா சொல்லிக் கொண்டே இருந்தார்.

காவேரிப்பட்டணம் பக்கத்தில் பெண்ணேஸ்வரமடம் என்ற ஊரில் தென்பெண்ணைக் கரையில் சோழர் காலத்துச் சிவன் கோயில் உண்டு. அங்கேயும் நடுகற்களைப் பார்க்கலாம். பழமையான கோயில், கூட்டமே இல்லை. மத்தியானச் சாப்பாட்டைக் கட்டிக் கொண்டு போனால் ஆற்றங்கரையில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

குப்புறக் கிடந்த கல்

திரும்பும்போது ராயக்கோட்டை வழியாக வந்தார்கள். ராயக்கோட்டை மலைக்கோட்டை 1791இல் மைசூர்ப் போரின்போது ஆங்கிலேயர் கைக்குப் போனது. அடுத்த வருஷம் திப்பு சுல்தான் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் இந்தப் பாராமகால் வட்டாரமே அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. ஏறிப் பார்க்க அன்றைக்கு நேரம் இல்லை. தக்காளி மார்க்கெட்டைத் தாண்டி வந்து, ஒரு கிராமத்துச் சாலையில் டீ குடிக்க நிறுத்தினார்கள்.

எதிரே ஒரு காட்டைச் சமன் பண்ணிக் கலர் கலராகக் கொடி நட்டிருந்தது. புது லேஅவுட். ஜேசிபி ஒன்று மண்ணையும் கல்லையும் ஓரமாகத் தள்ளிக் கொண்டிருந்தது. அந்தக் குவியலில் ஒரு பலகைக்கல் குப்புறக் கிடந்தது. சும்மா பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் காலையிலிருந்து கற்களாகவே பார்த்து வந்த கண்ணல்லவா! அப்பா போய்க் குனிந்து அடியில் கையை விட்டுத் தடவினார்.

"எய்யா, இங்க வா. இதுல ஆளு இருக்கான்."

மூன்று பேரும் ஜேசிபி டிரைவரும் டீக்கடைக்காரரும் சேர்ந்து புரட்டினார்கள். வில் பிடித்த ஒரு வீரன். பக்கத்தில் ஒரு மாடு. அடியில் தேய்ந்து போன இரண்டு வரி எழுத்து.

"ஓரமாத் தள்ளச் சொன்னாங்க அண்ணா, தள்ளினேன். எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் டிரைவர். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவருக்கு யாரும் சொல்லவில்லை. இடத்தை வாங்கியவருக்கும் விற்றவருக்கும்கூட யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சூளகிரி நண்பன் நாலைந்து போட்டோ எடுத்தான். கிராம நிர்வாக அலுவலருக்கு போன் போட்டுச் சொன்னார்கள். டீக்கடைக்காரர் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரைக் கூட்டி வந்தார். அதில் ஒருவர் கல்லைப் பார்த்ததுமே, "அட, இது வேடியப்பன்! எங்க பாட்டி இந்தக் காட்டுல பொங்க வைப்பாங்க... அப்புறம் விட்டுப் போச்சு" என்றார். இந்த வட்டாரத்தில் நடுகல்லை வேடியப்பன் என்று சாமியாகக் கும்பிடுவது வழக்கம். கும்பிடுகிற வரைக்கும் கல்லுக்கு ஆபத்து இல்லை. கும்பிடுவது நின்று போனால் அது துணி துவைக்கிற கல். அதற்கும் அடுத்தபடி ஜேசிபி.

இருட்டுவதற்குள் கல்லை டீக்கடைப் பக்கத்து வேப்பமரத்தடிக்குக் கொண்டு வந்து நிமிர்த்தி வைத்தார்கள். வேறு யாரும் அங்கே பெரிதாக எதுவும் பேசவில்லை. டீக்கடைக்காரர் ஒரு குடம் தண்ணீர் கொண்டு வந்து மண்ணைக் கழுவினார். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக் கொண்டு கும்பிட்டார்.

நாலாயிரம் வருஷத்து இரும்பு

செவ்வாய்க்கிழமை அப்பா ஊருக்குப் போய்விட்டார். பஸ் ஏறும்போது, "ஒண்ணும் இல்லன்னு சொன்னியே" என்று மட்டும் சிரித்துக் கொண்டே சொன்னார்.

அதற்குப் பிறகுதான் பையன் தானாகத் தேட ஆரம்பித்தான். அடுத்த வார லீவில் பர்கூர்ப் பக்கம் தொகரப்பள்ளி அருகே உள்ள மயிலாடும்பாறைக்குப் போனான். 2021இல் தமிழகத் தொல்லியல் துறை அங்கே அகழாய்வு செய்தது. அங்கே கிடைத்த மாதிரிகளைக் காலக்கணிப்புக்கு அனுப்பினார்கள். ஒன்றின் காலம் கி.மு. 1615 என்றும், இன்னொன்றின் காலம் கி.மு. 2172 என்றும் வந்தது. அதாவது 4,200 வருஷத்துக்கு முன்பே இங்கே இரும்பு புழக்கத்தில் இருந்தது! 2022 மே மாதம் முதலமைச்சர் இதைச் சட்டசபையில் அறிவித்தார். பிறகு 2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் சிவகளையிலிருந்து இன்னும் பழைய காலக்கணிப்பு, கி.மு. 3345, வெளியாகி, இரும்பின் கதையை மேலும் பின்னுக்குக் கொண்டு போய்விட்டது. ஆனாலும் மயிலாடும்பாறையின் மதிப்பு குறையவில்லை.

யோசித்துப் பாருங்கள். தினமும் எட்டு மணி நேரம் இரும்பைக் கடைந்து உதிரிபாகம் செய்யும் ஒரு பையன். தன் தொழிலுக்கு இந்த மாவட்டத்தில் ஐம்பது வருஷ வயது என்று நினைத்துக் கொண்டிருந்தான். அதே மாவட்டத்தில் நாலாயிரம் வருஷத்துக்கு முன் ஒருவன் உலையில் இரும்பைக் காய்ச்சியிருக்கிறான். ஓசூருக்கு இரும்பைச் சிப்காட் கொண்டு வரவில்லை. இங்கே இருந்த பழைய தொழில்தான் அது.

அதற்கடுத்து வேப்பனப்பள்ளி பக்கம் சின்னகொத்தூர். பழைய பெயர் குந்தாணி. 13ஆம் நூற்றாண்டில் ஹொய்சாள ராஜ்ஜியம் அண்ணன் தம்பிக்குள் இரண்டாகப் பிரிந்தபோது தமிழ்ப் பகுதிகளை ஆண்டவன் வீர ராமநாதன். சமயபுரம் பக்கத்துக் கண்ணனூரிலிருந்து பாண்டியர்களால் விரட்டப்பட்டு இங்கே வந்து தலைநகர் வைத்தான். ஒரு ராஜ்ஜியத்தின் தலைநகராக இருந்த ஊர் இப்போது அமைதியான ஒரு கிராமம். இங்கேயும் நடுகற்கள் ஏராளம்.

போகிறவர்களுக்கு

எல்லாமே ஓசூரிலிருந்தோ கிருஷ்ணகிரியிலிருந்தோ காலையில் கிளம்பி ராத்திரிக்குள் திரும்பி வரக்கூடிய இடங்கள்தான். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மலைப் பக்கம் கடைகள் கிடையாது, தண்ணீர் கொண்டு போங்கள். வெயிலுக்கு முன் ஏறி இறங்கிவிடுவது நல்லது. பாறை ஓவியம் சரியாகத் தெரியவில்லை என்று தண்ணீர் ஊற்றவோ சுண்ணாம்பு தடவவோ வேண்டாம். அப்படித்தான் பல ஓவியங்கள் அழிந்தன. கல்லின் மேல் பெயர் எழுதுவதைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை!

வழியில் எழுத்தோ உருவமோ உள்ள கல்லைப் பார்த்தால் வீட்டுக்குத் தூக்கி வந்துவிடக் கூடாது. போட்டோ எடுங்கள், இடத்தைக் குறித்து வையுங்கள், கிராம நிர்வாக அலுவலருக்கோ மாவட்ட அருங்காட்சியகத்துக்கோ சொல்லுங்கள். மண்ணுக்கு அடியில் கிடைக்கும் பழம்பொருளைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டமே இருக்கிறது.

எல்லாவற்றையும் விட முக்கியம், அந்த ஊர்க்காரர்களிடம் அந்தக் கல்லைப் பற்றிப் பேசுவது. "இதைப் பார்க்கவா ஓசூரிலிருந்து வந்தீங்க?" என்று ஆச்சரியமாகக் கேட்பார்கள். வெளியூர்க்காரன் ஒருவன் தேடி வந்து பார்க்கிறான் என்றால் நம்ம கல்லில் ஏதோ இருக்கிறது என்று அவர்களுக்கும் தோன்றும். எல்லாக் கல்லுக்கும் வேலி போட அரசாங்கத்தால் முடியாது. ஊர் நினைத்தால் முடியும்.

இரண்டு மாசம் கழித்துப் பையன் அந்த டீக்கடைக்கு மறுபடி போனான். லேஅவுட்டில் இரண்டு வீடுகள் எழும்பியிருந்தன. வேப்பமரத்தடியில் கல் நிமிர்ந்தே நின்றது. அடியில் செங்கல் வைத்துச் சின்னதாக ஒரு மேடை, வீரனுக்கு ஒரு காவித் துண்டு, நெற்றியில் குங்குமம். முன்னால் இரண்டு எலுமிச்சம்பழம். போட்டோ எடுத்து அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான். கொஞ்ச நேரத்தில் அப்பாவிடமிருந்து குரல் செய்தி வந்தது.

"சந்தோசம்யா. நாளப்பின்ன உங்க அம்மாவ கூட்டிட்டு வாரேன். அவளுக்கும் காட்டணும், ஒன் ஊர."